கீற்று வீட்டுத் தெருவைக் கோடைத் தீயிலிருந்து காப்பது எப்படி: ஒரு மலை ஊர் எரிந்த கதையிலிருந்து

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியபோது எங்கள் வீட்டு ஓடு, தெருவில் இருந்த கீற்று, கொல்லையில் நின்ற தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் போனது. கரண்ட் வர வாரக்கணக்கானது. ஒருவழியாக போனுக்கு சார்ஜ் ஏறியதும் பார்த்தால், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான்பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் அத்தை மகன் அதே 16ஆம் தேதி ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "இங்கே புகையால் பள்ளிக்கூடமெல்லாம் லீவு, அங்கே எப்படி இருக்கீங்க?" நாங்கள் காற்றிலும் தண்ணீரிலும் தவித்த வாரத்தில் அவன் மாநிலத்து மலையில் பாரடைஸ் என்ற ஊரே எரிந்துபோயிருந்தது.

அந்த ஊரைப் பற்றி அவனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எங்கள் தெருவுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, சில வருடமாகப் பங்குனி பிறக்கும் முன்னால் செய்து வருகிறோம். திருவாரூர், நாகை, தஞ்சை, மயிலாடுதுறை பக்கம் கீற்று வீட்டிலோ, கீற்று வீட்டுக்குப் பக்கத்திலோ இருக்கும் எல்லாருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நவம்பர் 8, காலை ஆறரை மணி. மலைப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய மின்கோபுரத்தில் பல பத்தாண்டுகளாகத் தேய்ந்துபோன கொக்கி ஒன்று அறுந்து கம்பி விழுந்தது. மாதக்கணக்கில் நல்ல மழை இல்லை, காற்று பலமாக அடித்தது. அடுத்த சில மணி நேரத்தில், சுமார் 26,000 பேர் வாழ்ந்த ஊர் பெரும்பகுதி சாம்பல். செத்தவர்கள் 85 பேர், எரிந்த கட்டடங்கள் 18,000க்கு மேல். அத்தை மகன் அனுப்பிய படங்களில் என்னை உலுக்கியது ஒன்றுதான்: வீடு இருந்த இடத்தில் அஸ்திவாரமும் உருகின இரும்பும் மட்டும் கிடக்கிறது, பக்கத்திலேயே பைன் மரம் பச்சையாக நிற்கிறது. தீ சுவர் மாதிரி எழும்பி வந்து ஊரை விழுங்கியிருந்தால் மரம் எப்படித் தப்பும்? பொறிதான் காரணம். காற்றில் பறந்து வந்த கங்கு முன்னாலேயே போய்க் கூரையிலும், கூரை விளிம்பில் சேர்ந்திருந்த சருகிலும், திண்ணை ஓரத்திலும் விழுந்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தொற்றியிருக்கிறது.

நம் பக்கம் காடு இல்லையே என்று நினைக்காதீர்கள். கீற்று என்பது என்ன, காய்ந்த இலை. காட்டில் தரையில் கிடக்கும் சருகை நாம் தலைக்கு மேல் அடுக்கி, வரிச்சு கட்டி, அதன் கீழே அடுப்பு மூட்டுகிறோம். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் பற்றி, தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2004 ஜனவரியில் திருவரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் பற்றி மாப்பிள்ளையோடு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். அதே வருடம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளி. சத்துணவு சமைத்த அடுப்புத் தீ கூரைக்கு ஏறி 94 பிள்ளைகள். மூன்றுமே காவிரிப் பக்கம்தான், மூன்றிலும் எரிந்தது கீற்று.

<b>தை முடிந்ததும் ஆரம்பியுங்கள்</b>

நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். அதாவது சம்பா அறுத்து, வைக்கோல் சேர்ந்து, வயலில் தாள் காய்ந்து, கீற்று முறுகிக் கிடக்கும் மாசி, பங்குனி, சித்திரையில் வாய்க்காலில் ஒரு சொட்டு இருக்காது. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர், தேவைப்படும் நேரத்தில் வாய்க்காலில் நண்டு வளை. அதனால் தண்ணீரைத் தனியாக யோசித்தே ஆகவேண்டும். தீப்பிடித்தால் முதல் வேலையாகக் கரண்டை நிறுத்துவார்கள், நிறுத்தவும் வேண்டும், அப்போது போர் மோட்டார் ஓடாது. இது பல பேருக்குத் தோன்றுவதில்லை. மோட்டார் இருக்கிறதே என்ற தைரியத்தில் உட்கார்ந்திருப்போம், பைப்பைத் திருகினால் காற்று வரும். எனவே நாலு வீட்டுக்கு ஒரு 200 லிட்டர் டிரம், எப்போதும் நிரம்பி, கொசு வராமல் துணி கட்டி மூடி, பக்கத்தில் இரண்டு வாளி. எங்கள் தெருவில் டீசல் எஞ்சின் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் பேசி, மூன்று மாதமும் அதைக் குளத்தங்கரையில் ஓசோடு நிறுத்தி வைக்கிறோம். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பது என் பொறுப்பு. ஓடாத எஞ்சினைக் கரையில் வைப்பதை விட வைக்காமலிருப்பதே மேல், ஏனென்றால் அதை நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் விட்டுவிடுவோம்.

அடுத்தது வீட்டைச் சுற்றி அஞ்சு அடி. கலிபோர்னியாவில் இப்போது இதைத்தான் தலையாய விதியாகச் சொல்கிறார்கள்: சுவரிலிருந்து அஞ்சு அடிக்குள் எரியக்கூடிய ஒன்றும் இருக்கக்கூடாது. ஒரு சாயங்காலம் டேப் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். விறகு, உரிமட்டை, பன்னாடை, வரட்டி அடுக்கு, போன வருடம் பிரித்த பழைய கீற்று, உரச்சாக்கு, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் சுவரை ஒட்டித்தான் இருக்கும், மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று நாமே கூரை இறவாணத்துக்கு அடியில் திணித்திருப்போம். மழைக்காலத்துக்கு அது சரி. தையோடு அதை இடம் மாற்றிவிடுங்கள். மறுபடி ஐப்பசிக்கு முன்னால் உள்ளே கொண்டு வந்தால் போதும்.

அப்புறம் கூரை மேல் போட்டிருக்கும் பிளக்ஸ் பேனர். ஒழுகாமல் இருக்கக் கட்சி பேனரையும் கல்யாண பேனரையும் விரித்துக் கயிறு கட்டுவது நம் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஒழுகலுக்கு அது நல்லதுதான், தீக்கு அது எமன். உருகிச் சொட்டும், சொட்டுவது எரிந்துகொண்டே விழும், உள்ளே இருப்பவர்கள் மேல் ஒட்டிக்கொள்ளும். கோடைக்கு மட்டுமாவது சுருட்டி எடுத்து வைத்துவிடுங்கள். காலாகாலத்துக்கும் கீற்றிலேயே இருக்கவேண்டும் என்பதில்லை, 2024ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு தருகிறார்கள், பெயர் சேர்ந்திருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். உரிமையாகக் கேட்கலாம்.

<b>வைக்கோல் போர்</b>

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நான் பார்த்த வரைக்கும் தெருவுக்குத் தெரு தீ தாவுவதற்கு நடுவில் இருக்கும் படிக்கட்டு வைக்கோல் போர்தான். வீட்டுக்கும் போருக்கும் 30 அடியாவது இருக்கவேண்டும். ரெண்டு சென்ட் மனையில் 30 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் இதற்குச் செய்தது இதுதான்: தெருக்கோடியில் களம் இருக்கிறது, ஏழெட்டு வீட்டுப் போரையும் அங்கே வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மாட்டு வண்டி போகிற அளவு இடம் விட்டோம். அன்றாடத்துக்கு வேண்டிய ஒரு கட்டு மட்டும் வீட்டில். ஆரம்பத்தில் பெரியம்மா ஒருவர் "வைக்கோலுக்கு நான் தினமும் அவ்வளவு தூரம் நடக்கணுமா" என்று சண்டைக்கே வந்தார், அது உண்மையில் வேலைதான், அதனால் பக்கத்து வீட்டுப் பையன்கள் சைக்கிளில் கொண்டுவந்து போட்டுவிடுவதாகப் பேசி முடித்தோம். போர் போடும் இடத்தைக் காற்றுப் பார்த்து முடிவு செய்யுங்கள். வைகாசியில் மேல்காற்று கிளம்பும், அதனால் தெருவுக்கு மேற்கே போர் இருந்தால் பற்றினதெல்லாம் வீட்டுப் பக்கம்தான் பறக்கும்.

வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் லாரியும் தெருக் கம்பியில் உரசிப் பற்றுவதை வருடா வருடம் கேள்விப்படுகிறோம். கம்பை வைத்துக் கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டே போவது பழக்கமாகிவிட்டது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மேலே நிற்கும் ஆளின் உயிர் போகும். சுமையை உயரம் குறைத்து இரண்டு நடையாக ஏற்றுங்கள். தாழ்ந்து தொங்கும் கம்பி, கூரையை உரசிக்கொண்டு போகும் சர்வீஸ் ஒயர், காற்றடித்தால் பொறி பறக்கும் இணைப்பு, இதெல்லாம் உங்கள் தெருவில் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். சரிசெய்யும் வரை விடாமல் கேளுங்கள். பாரடைஸில் ஆரம்பம் ஒரு தேய்ந்த கொக்கி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

<b>அடுப்பு, சாம்பல், வாணம், தாள்</b>

அடுப்பங்கரை தனியாக, ஓடோ தகரமோ போட்டு இருந்தால் நல்லது. முடியாவிட்டால் அடுப்புக்கு நேர் மேலே கூரைக்கு அடியில் ஒரு தகரத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள், கூரைக்கும் தகரத்துக்கும் இடைவெளி இருக்கட்டும். சாம்பலை நம்பாதீர்கள். மேலே வெளுத்துக் கிடக்கும், கையை வைத்தால் ஆறியிருக்கும், உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும், மதியக் காற்றில் குப்பைமேட்டில் கண் விழிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிவிட்டுத்தான் கொட்டவேண்டும். என் அப்பாயி ராத்திரி அடுப்பை அணைத்ததும் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு முறை பார்ப்பார், அந்த இரண்டாவது பார்வையைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் வாணவேடிக்கை தெருவுக்குள் வேண்டாம், வயல்வெளியில் வையுங்கள், ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். அன்று சாயங்காலம் கீற்றுக் கூரைகளை ஒருமுறை நனைத்தும் விடலாம்.

தாள் கொளுத்துவது. அறுவடை மெஷின் விட்டுப்போகும் தாளை அவசரத்துக்குக் கொளுத்திவிடுகிறோம், அடுத்த வயல்காரர் நெல் தரிசில் உளுந்து போட்டிருப்பார், அவர் வயிற்றெரிச்சல் ஒருபுறம், பொறி தெருவுக்குப் பறப்பது மறுபுறம். கட்டு கட்டும் மெஷினை வைத்து எடுத்து விற்கலாம், ரோட்டவேட்டர் போட்டு மடக்கி உழலாம், மண்ணுக்கும் நல்லது. நீங்கள் கொளுத்தாவிட்டாலும் பக்கத்தில் யாராவது கொளுத்துவார்கள் என்றால், தெருவுக்கும் வயலுக்கும் நடுவில் டிராக்டரை விட்டு இரண்டு மூன்று சால் அகலத்துக்கு மண் தெரிய உழுது போடுங்கள். மலையில் வனத்துறையினர் கோடைக்கு முன்னால் புல்லையும் சருகையும் வழித்துத் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்களே, இது அதேதான். எரிய ஒன்றும் இல்லாத மண்ணில் தீ நின்றுவிடும். புல்லில் சின்னதாகப் பற்றினால் பச்சை வேப்பங்கொப்பாலோ நனைத்த சாக்காலோ அடித்து அணைக்கலாம், வீசி அடிக்காமல் அமுக்கி அடிக்கவேண்டும், வீசினால் பொறி பறக்கும். இடுப்புக்கு மேல் எழும்பின தீயிடம் போகவே போகாதீர்கள்.

<b>பற்றிவிட்டால்</b>

பற்றின கூரையை அணைக்க முடியாது. இதை மனசு ஏற்றுக்கொள்வது கஷ்டம், சம்பாதித்ததெல்லாம் உள்ளே இருக்கும், ஆனால் கீற்று பற்றினால் சில நிமிடத்தில் கூரை முழுக்க உள்ளே விழும். ஆட்களை வெளியே எடுங்கள். 101க்குப் போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் 112. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது, ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும், எந்த மெயின் ரோட்டில், எந்தக் கோயிலுக்கு அல்லது எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் திரும்பவேண்டும் என்று சொல்லி, ஒருவரை பைக்கில் அந்தத் திருப்பத்துக்கு அனுப்பி நிறுத்துங்கள். வண்டி தெருவுக்குள் நுழைய முடியுமா என்பதை இன்றைக்கே பாருங்கள். நீட்டிக் கட்டின பந்தல்கால், குறுக்கே நிறுத்திய டிரெய்லர், தாழ்ந்த கேபிள் டிவி ஒயர் எல்லாம் அன்றைக்கு எமனாக நிற்கும்.

தண்ணீரும் ஆளும் போகவேண்டியது எரியும் வீட்டுக்கு இல்லை, காற்று அடிக்கும் பக்கம் இருக்கும் அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும். அந்தக் கூரைகளை நனைத்துக்கொண்டே இருங்கள். நனைக்கத் தண்ணீர் போதாது என்று தெரிந்தால் நீளத் தொரட்டியால் கீற்றை இழுத்துத் தள்ளிவிடுங்கள், கூரை போனாலும் சுவரும் சாமானும் மிஞ்சும். அதற்காகவே ஒரு நீளத் தொரட்டி தெருவுக்குப் பொதுவாக, எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். மாட்டுக் கயிற்றை அவிழ்க்க நிற்காதீர்கள், அரிவாளால் அறுத்து விரட்டிவிடுங்கள். கேஸ் சிலிண்டரை, தீ நெருங்கும் முன்னால் ரெகுலேட்டரைக் கழற்றி வெளியே உருட்ட முடிந்தால் செய்யுங்கள், நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு விலகுங்கள், சிலிண்டர் உள்ளே இருப்பதைத் தீயணைப்பு ஆட்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பீரோவுக்காகத் திரும்ப உள்ளே போகாதீர்கள். பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசல் பக்கம் ஆணியில் மாட்டி வையுங்கள், போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள், டிஜிலாக்கரில் ஏறுவதை ஏற்றிவிடுங்கள். திரும்பிப் போக ஒரு காரணம் குறையும்.

பாரடைஸில் செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள். பல பேருக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை, கிளம்பினவர்களும் ஒருசில மலைச்சாலைகளில் நெரிசலில் சிக்கினார்கள். நம் தெருவில் பகல் பதினொரு மணிக்கு யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் போக, கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான். ஆகவே பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். படுக்கையில் இருக்கும் தாத்தாவை யார் தூக்குவது, கட்டிலோடு தூக்குவதா, எந்த வாசல் வழியாக, தூக்கவேண்டியவர் இல்லாத நேரம் வேறு யார். "யாராவது பார்த்துப்பாங்க" என்பது ஒருவரும் பார்க்காமல் போவதில்தான் முடியும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தே பாருங்கள், கட்டில் வாசலில் நுழையாது என்பது அன்றைக்கே தெரிந்துவிடுவது நல்லது.

உடையில் பற்றினால் ஓடக்கூடாது, படுத்து உருளவேண்டும், பக்கத்தில் இருப்பவர் நனைத்த சாக்கையோ கனத்த ஜமக்காளத்தையோ போட்டு மூடவேண்டும். நைலான், பாலியஸ்டர் நைட்டி தோலோடு ஒட்டிக்கொள்ளும், அடுப்பு வேலைக்குப் பருத்தியே கட்டுங்கள். சுட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள், மோதிரம் வளையலை வீங்கும் முன்னால் கழற்றுங்கள், ஒட்டின துணியைப் பிய்க்காதீர்கள், சுத்தமான துணியால் மூடி 108ஐக் கூப்பிடுங்கள். பேஸ்ட், மை, மாவு, மஞ்சள் ஒன்றும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம்.

<b>கோடையில் மலைக்குப் போகிறவர்களுக்கு</b>

நம் பக்கத்துப் பிள்ளைகள் மாசி, பங்குனியில் வெள்ளியங்கிரி, கொல்லிமலை, கொடைக்கானல் என்று வேன் பிடித்துப் போகிறார்கள். 2018 மார்ச் 11 தேனி குரங்கணி மலையில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூரிலிருந்தும் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் தீக்கு நடுவில் மாட்டி 23 பேர் இறந்தார்கள். சமவெளியில் பிறந்த நமக்கு உடம்பில் இல்லாத அறிவு ஒன்று உண்டு: தீ மேட்டைப் பார்த்து ஏறும்போது வேகம் பிடிக்கும், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். அதனால் கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள், தீயை விட வேகமாக மனிதன் மேடேற முடியாது. பக்கவாட்டில் விலகுங்கள். வெறும் பாறை, அகலமான ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கருகின இடம், இந்த மூன்றும் அடைக்கலம். புல்மேடும் மூங்கில் புதரும் கண்ணி. வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் எவ்வளவு பழகின ஆள் கூட்டிப்போனாலும் போகவேண்டாம், அனுமதிச் சீட்டு இருந்தால்தான் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கீழே ஒருவருக்காவது தெரியும்.

<b>அணைந்த பிறகு</b>

வைக்கோல் போர் மேலே அணைந்தாலும் அடியில் நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பிரித்துப் பரப்பி நனைத்தால்தான் சாகும், அதுவரை இரவில் ஆள் போட்டுக் காவல் இருங்கள், தென்னை மரத்தின் உச்சியையும் பாருங்கள். எரிந்த வீட்டைப் பெருக்கும் முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், நிவாரணத்துக்கு அவர் அறிக்கைதான் முதல் காகிதம். திரும்பக் கட்டும்போது பழைய கடக்காலிலேயே கட்டச் சொல்லி மனசு இழுக்கும். பக்கத்து வீட்டுக் கூரையும் உங்கள் கூரையும் தொடாத அளவுக்குத் தள்ளி, அடுப்பங்கரையைத் தனியாகப் போடுங்கள், தம்பி வீடாக இருந்தாலும் கூரை தனித்தனியாக இருக்கட்டும்.